கல்வராயன் மலைக் குதிரைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கரியாலூரிலும் வெள்ளிமலையிலும் சேராப்பட்டிலும், கீழே கச்சிராயப்பாளையத்திலும் கள்ளக்குறிச்சியிலும் குதிரை வளர்ப்பவர்களுக்கும், வாங்க வேண்டும் என்று ஆசையோடு இருப்பவர்களுக்கும்.

குதிரை என்றதும் நம் பக்கத்தில் நினைவுக்கு வருபவை சிலதான். கல்யாண ஊர்வலம், ரேக்ளா, கோடை விழாவிலும் ஏரிக்கரையிலும் ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று பிள்ளைகளை ஏற்றி இறக்கும் சவாரி. இவற்றில் சேராத இன்னொன்று உண்டு. ஒரே ஆள், ஒரே குதிரை, ஒரே நாளில் 40, 80, 120 அல்லது 160 கிலோமீட்டர் போவது. உலகம் அதை எண்டியூரன்ஸ் என்கிறது. நாம் நெடுந்தூரச் சவாரி என்று சொல்லிக்கொள்ளலாம். 160 கிலோமீட்டர் என்பது உளுந்தூர்பேட்டையில் கிளம்பி, கள்ளக்குறிச்சியைக் கடந்து, சேலம் போய்ச் சேரும் தூரத்தைவிட அதிகம். அதைக் காடும் மேடுமான வழியில் ஒரு குதிரை போய் முடிக்கிறது. முடித்த பிறகும் நிமிர்ந்து நின்று புல் தின்கிறது. இந்த விளையாட்டின் உயிரே அந்தப் புல் தின்னும் காட்சியில்தான் இருக்கிறது.

ஏன் அப்படி என்பதற்கு ஒரு பழைய அவமானத்தைச் சொல்ல வேண்டும். 1892-இல் ஜெர்மானிய ராணுவ அதிகாரிகளும் ஆஸ்திரிய-ஹங்கேரிய அதிகாரிகளும் பெர்லினுக்கும் வியன்னாவுக்கும் இடையே குதிரையில் போட்டி வைத்தார்கள். ஏறக்குறைய 580 கிலோமீட்டர். யார் முதலில் போய்ச் சேருகிறார்களோ அவர்களுக்குப் பரிசு. ஸ்டார்ஹெம்பெர்க் என்ற ஆஸ்திரியப் பிரபு சுமார் 71 மணி நேரத்தில் பெர்லினை எட்டி வென்றார். அவரைச் சுமந்து வந்த அத்தோஸ் என்ற குதிரை கொஞ்ச நேரத்தில் செத்துப்போனது. அது மட்டுமல்ல, வழியிலும் முடிவிலும் இன்னும் பல குதிரைகள் செத்தன. வெற்றி என்று கொண்டாடப்பட்ட அது பிறகு கண்டனத்துக்கு ஆளானது.

அதற்கு நேர் எதிரான ஒன்று 1955-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தொடங்கியது. வெண்டல் ரோபி என்ற ஆபர்ன் நகரத்து வணிகர், குதிரை இன்னும் ஒரே நாளில் நூறு மைல் மலைவழி போகும் என்று காட்டுவதற்காக டாஹோ ஏரிப் பக்கத்திலிருந்து ஆபர்ன் வரை நண்பர்களோடு கிளம்பினார். அதுவே இன்றைய டெவிஸ் கோப்பைச் சவாரி. 24 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். இன்றைக்கும் கிளம்புகிறவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர்தான் முடிக்கிறார்கள். மற்றவர்களைப் பெரும்பாலும் வழியிலேயே கால்நடை மருத்துவர் நிறுத்திவிடுவார். முதலில் வந்தவருக்கு ஒரு கோப்பை உண்டு. ஆனால் 1964 முதல் ஹகின் கோப்பை என்று இன்னொன்றும் தருகிறார்கள். முதல் பத்து இடத்தில் வந்த குதிரைகளில் எது மிக நல்ல உடல்நிலையில் இருக்கிறதோ அதற்கு. விவரம் அறிந்த குதிரைக்காரர்கள் பலர் இந்த இரண்டாவது கோப்பையைத்தான் பெரிதாக மதிக்கிறார்கள். அவர்கள் மதிப்பது சரி. 1972-இல் உருவான அமெரிக்க நெடுந்தூரச் சவாரிச் சங்கமும், முடித்தாலே வெற்றி என்பதையே தன் கொள்கையாக வைத்திருக்கிறது.

அமெரிக்கா தூரமாயிற்றே என்று நினைக்க வேண்டாம். பக்கத்துக் கேரளத்தில், மலப்புறம் மாவட்டத் திரூரைச் சேர்ந்த நிதா அஞ்சும் சேலாட் 2023 செப்டம்பரில் பிரான்சின் காஸ்டெல்சக்ராவில் நடந்த இளையோர் உலகப் போட்டியில் 120 கிலோமீட்டரை 7 மணி 29 நிமிடத்தில் முடித்தார். குதிரையின் பெயர் எப்சிலான் சாலூ. அந்தப் போட்டியை முடித்த முதல் இந்தியர் அவர். மறு ஆண்டு அதே நாட்டின் மோன்பாசியேரில் பெரியவர்களுக்கான உலகப் போட்டியில் பெத்ரா டெல் ரே என்ற குதிரையில் 160 கிலோமீட்டரையும் முடித்தார். முடித்தவர்கள் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றதற்குக் காரணம் வேகம் மட்டும் அல்ல. ஒவ்வொரு கட்டத்திலும் அவருடைய குதிரையைத் தொட்டுப் பார்த்த மருத்துவர், போகலாம் என்று சொன்னார்.

அந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தூரத்தைப் பல சுற்றுகளாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒரு சோதனை முகாம். உள்ளே வந்த கொஞ்ச நேரத்துக்குள், சர்வதேசப் போட்டிகளில் பெரும்பாலும் 15 நிமிடத்துக்குள், குதிரையின் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 64-க்கோ அதற்குக் கீழேயோ இறங்கியிருக்க வேண்டும். இறங்காவிட்டால் சவாரி அத்தோடு முடிந்தது. இறங்கினால், ஈறு இளஞ்சிவப்பாக இருக்கிறதா, அதை விரலால் அழுத்தி விட்டால் ஏறக்குறைய இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்புகிறதா, கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படிகிறதா, வயிற்றின் இரண்டு பக்கமும் குடல் சத்தம் கேட்கிறதா, முதுகில் சேணம் பட்ட இடம் வலிக்கிறதா என்று பார்ப்பார்கள். அப்புறம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ட்ராட் என்ற மெல்லோட்டத்தில் ஓடவிட்டு, நொண்டுகிறதா என்று பார்ப்பார்கள். அப்படி ஓடத் தொடங்கி ஒரு நிமிடம் ஆனதும் மறுபடி நாடி எண்ணுவார்கள். ஓடுவதற்கு முன் இருந்த எண்ணுக்கோ அதற்குக் கீழோ வந்துவிட்டால் குதிரைக்குத் தெம்பு மிச்சம் இருக்கிறது. எட்டோ பத்தோ கூடி நின்றால் ஏதோ தவறு என்று அர்த்தம்.

இதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஒரு ஸ்டெதஸ்கோப், ஒரு கடிகாரம். இடது முன்னங்கால் முழங்கைக்குப் பின்னால் வைத்து 15 விநாடி கேளுங்கள். 16 துடிப்பு இருந்தால் அது நிமிடத்துக்கு 64. ஓய்வாக நிற்கும் குதிரைக்கு 28 முதல் 44 வரை இருக்கும். முழுப் பாய்ச்சலில் 220-ஐயும் தாண்டும். தினமும் காலையில், தீனி வைக்கும் முன் எண்ணி, ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ஒரு மாதம் எழுதினால் உங்கள் குதிரையின் எண் உங்களுக்கு மனப்பாடம் ஆகிவிடும். ஒருநாள் அது 36-இலிருந்து 48-க்குப் போனால், குதிரை வெளியே எதையும் காட்டாவிட்டாலும், வயிற்றுவலியோ காய்ச்சலோ கால்வலியோ வருகிறது என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். சவாரி செய்கிறவருக்குக் கிடைக்கும் சந்தோஷங்களில் இது மிகப் பெரியது: வாய் பேசாத ஒரு விலங்கை அதன் நெஞ்சிலிருந்தே கேட்டுப் புரிந்துகொள்வது.

குதிரையின் உடம்பே இதற்காக அமைந்ததோ என்று வியக்கத் தோன்றும். அதன் மண்ணீரல் சிவப்பணுக்களைச் சேமித்து வைத்திருக்கிறது. ஓட்டம் தொடங்கியதும் அது சுருங்கி அந்த அணுக்களை ரத்தத்தில் கொட்டுகிறது. ரத்தத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய நாற்பது பங்காக இருந்த சிவப்பணுக்கள் அறுபதுக்கும் மேல் ஏறிவிடும். மனிதனுக்கு இந்த அளவில் கிடையாது. அதோடு, நார்ச்சத்துள்ள தீனி நிரம்பிய பெருங்குடல் தண்ணீரையும் உப்பையும் பிடித்து வைத்திருந்து, போகும் வழியில் உடம்புக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. ஆகவே நெடுவழி போகும் குதிரைக்கு முதல் உணவு புல்லும் காய்ந்த தட்டையும். கொள்ளும் ஓட்ஸும் தவிடும் அதற்கு அப்புறம்தான். தன் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவுக்குக் காய்ந்த தீனி ஒரு நாளைக்கு வேண்டும். 400 கிலோ குதிரைக்கு 8 கிலோ. வயிறு சிறியது என்பதால் அதைப் பல வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது. ஒரே வேளையில் கொள்ளை வாரிக் கொட்டினால் வரும் வயிற்றுவலி அதன் உயிரையே எடுத்துவிடும்.

இனி வியர்வை. இங்கேதான் நல்ல மனசுள்ள குதிரைக்காரர்கள்கூடத் தவறிவிடுகிறார்கள். வெயிலில் வேலை செய்யும் குதிரை ஒரு மணி நேரத்தில் 10 முதல் 15 லிட்டர் வரை வியர்த்துக் கொட்டும். மனித வியர்வை தண்ணீராக இருக்கும்; நாம் வியர்த்தால் ரத்தத்தில் உப்பு கூடி, உடனே தாகம் எடுக்கும். குதிரை வியர்வையோ ரத்தத்தைப் போலவே, சில சமயம் அதைவிட, உப்பானது. தண்ணீரோடு உப்பும் சேர்ந்தே போய்விடுவதால் ரத்தத்தில் உப்பு கூடுவதில்லை. தாகம் எடுக்கவேண்டிய நேரத்தில் எடுப்பதில்லை. வாளியை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும் குதிரையைப் பார்த்து, தாகம் இல்லை போலிருக்கிறது என்று ஓட்டிக்கொண்டு போகிறவர், உலர்ந்துகொண்டிருக்கும் குதிரையை ஓட்டுகிறார். பயிற்சியின்போதே ஒவ்வொரு ஓடையிலும் நின்று, தலையைத் தாழ்த்த விட்டு, பொறுமையாகக் குடிக்கப் பழக்க வேண்டும். நன்றாகக் குடித்த பிறகு உப்புக் கலந்த தீனி கொடுக்கலாம். குடிக்காத குதிரைக்கு உப்பைத் திணிக்கக் கூடாது.

சூடாக வந்த குதிரைக்குத் தண்ணீர் காட்டக் கூடாது, உடம்பில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் சதை பிடித்துக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை ஊருக்கு ஊர் உண்டு. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கையொட்டி, வெப்பத்தில் குதிரைகளை எப்படிக் காப்பது என்று ஆய்வு செய்தார்கள். குளிர்ந்த நீரை நிறைய ஊற்றுவதே சூட்டை இறக்கும் சிறந்த வழி என்று அதில் தெரியவந்தது. நெடுந்தூரச் சவாரிக்காரர்கள் இன்று உலகெங்கும் அதைத்தான் செய்கிறார்கள். நிழல், காற்று, கழுத்திலும் மார்பிலும் தொடைகளிலும் விடாமல் தண்ணீர், குடிக்கத் தண்ணீர்.

வெயிலைவிடப் பொல்லாதது புழுக்கம். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாது. ஆவியாகாத வியர்வை குளிர்விக்காது. 2018 செப்டம்பரில் அமெரிக்காவின் ட்ரயனில் நடந்த உலகக் குதிரையேற்றப் போட்டியில், நெடுந்தூரச் சவாரியை வெப்பமும் ஈரப்பதமும் தாங்க முடியாத அளவுக்குப் போனதால் நடுவிலேயே ரத்து செய்துவிட்டார்கள். பல நாடுகளிலிருந்து பல ஆண்டு தயாராகி வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். நிறுத்தியது சரியான முடிவு. மழைக்காலம் முடியாத ஒரு பகலில் அடிவாரத்தில், கோமுகி அணைப் பக்கம் நிற்கும்போது உடம்பில் ஒட்டும் அந்தப் பிசுபிசுப்பு உங்களுக்கு நன்றாகத் தெரியும். மலைமேல் கரியாலூரில் காற்று குளிர்ந்திருக்கும். கீழே அப்படி இருக்காது. மேலே கிளம்பிக் கீழே முடிக்கும் பாதை, குதிரை களைத்துப்போன நேரத்தில் அதைச் சூட்டுக்குள் கொண்டுபோய் விடும். விடியலில் கீழே கிளம்பி, வெயில் ஏறும் முன் மேலே ஏறிவிடுவது அதைவிட நல்லது.

விலங்கை வெயிலில் வாட்டக் கூடாது என்று நம் நாட்டுச் சட்டமும் சொல்கிறது என்பது பலருக்குத் தெரியாது. வண்டி இழுக்கும், பொதி சுமக்கும் விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. இடைவிடாமல் 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் நண்பகல் 12 முதல் 3 மணி வரை வேலையே வாங்கக் கூடாது. மட்டக்குதிரை சுமக்கக்கூடிய பொதி 70 கிலோ. சவாரிக்குக் குதிரைக்காரர்கள் பலர் வைத்திருக்கும் கணக்கு இதைவிடவும் கறாரானது: ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 250 கிலோ மட்டக்குதிரை என்றால் 50 கிலோதான். 75 கிலோ ஆள் அதில் ஏறி மலைவழி போவது முறையல்ல, அவர் எவ்வளவு நன்றாகச் சவாரி செய்பவராக இருந்தாலும்.

தமிழ்நாட்டு மலைகளில் நெடுவழி போகும் குதிரைகள் புதிதாக வரவேண்டியதில்லை, ஏற்கெனவே இருக்கின்றன. கொடைக்கானல் மலைச்சரிவில் வெள்ளகவிக்கும், நத்தம் பக்கத்து மலையூருக்கும் அரிசியும் சமையல் எரிவாயு உருளையும் குதிரை முதுகில்தான் போய்வந்தன. தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரமும் அப்படியே போனது. செங்குத்தான கல்வழியில் பொதியோடு ஏறி இறங்கும் அந்தச் சின்னக் குதிரைகளுக்கு யாரும் கோப்பை கொடுத்ததில்லை. ஆனால் எங்கே கால் வைக்கலாம், எங்கே நிற்க வேண்டும் என்பது அவற்றுக்கும் அவற்றை ஓட்டுபவர்களுக்கும் தெரியும். விலை உயர்ந்த மார்வாரிக் குதிரை வாங்குகிறவர்கள் அவர்களிடம் ஒரு வாரம் இருந்து கற்றுக்கொண்டு வரலாம்.

கல்வராயன் மலை என்று சொன்னாலும் அது ஒரே மாதிரியான நிலம் அல்ல. வடக்கே சின்னக் கல்வராயன், தெற்கே பெரிய கல்வராயன். பொதுவாக 2000 முதல் 3000 அடி உயரம், சில இடங்களில் அதற்கும் மேல். சாமையும் கேழ்வரகும் மரவள்ளியும் விளையும் மேட்டு நிலங்கள், இடையில் காப்புக்காடு, சரளைக்கல் பாதை. ஊர்களுக்கிடையே தலைச்சுமையோடு நடந்தே பழகிய மலையாளிப் பழங்குடி மக்களின் தடங்கள் இன்னும் இருக்கின்றன. ஜாகிர்தார்களின் ஆதிக்கத்திலிருந்து இந்த மக்கள் விடுபட்டது 1976-இல்தான். சாலை வந்தது அதற்கும் பிந்தி. இந்தத் தடங்களில் குதிரை போகலாமா, எந்த மாதத்தில் போகலாம், யாருடைய கொல்லை வழியே போகக் கூடாது என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். காப்புக்காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். வெளியூரிலிருந்து பத்துக் குதிரையோடு வந்து, கேட்காமல் ஏறிவிட்டுப் போகும் விளையாட்டாக இது ஆகிவிடக் கூடாது.

மலைக்கென்று சில எச்சரிக்கைகளும் உண்டு. சரளையில் வெறுங்குளம்போடு நெடுந்தூரம் போனால் அடிப்பாகம் நசுங்கி நொண்டும். லாடம் வேண்டும், அல்லது குளம்புக்கு மாட்டும் ரப்பர் பூட்ஸ். குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வளரும் என்பதால் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றிச் செதுக்கி மறுபடி அடிக்க வேண்டும். லாடம் தேய்ந்துவிட்டதா என்று மட்டும் பார்த்துக் காத்திருப்பவர்கள் குதிரையின் தசைநாண்களைக் கெடுக்கிறார்கள். செங்குத்தான இறக்கத்தில் குதிரையை விட்டு இறங்கி, கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே நடங்கள். டெவிஸ் பாதையில் பல ஆண்டு முடித்தவர்களும் அப்படித்தான் நடக்கிறார்கள், ஓடுகிறார்கள். வழியில் பசித்த குதிரை எதைக் கடிக்கிறது என்று பாருங்கள். பச்சை மரவள்ளி இலையும் கிழங்குத் தோலும் சயனைடு நச்சை வெளியிடும். காட்டோரம் எங்கும் பரவியிருக்கும் உண்ணிச்செடி கால்நடைகளின் கல்லீரலைக் கெடுக்கும். தீனிப்பையில் சொந்தப் புல் இருந்தால் இந்த ஆபத்தே வராது.

குதிரை வாங்க எங்கே போவது என்ற கேள்வி வரும். ஆடி மாதத்தில் ஈரோடு மாவட்டம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் கூடும் சந்தை தமிழ்நாட்டில் பெயர்பெற்றது. திப்பு சுல்தான் காலத்திலிருந்தே நடக்கிறது என்று சொல்வார்கள். மார்வாரி, கத்தியவாரி, நொக்ரா என்று வரிசையாக நிற்கும். அங்கே போகிறவர்கள் நிறத்தையும் சுழியையும் பார்க்கிறார்கள். நெடுவழிக்குக் குதிரை தேடுகிறவர் குனிந்து கால்களைப் பார்க்க வேண்டும். நாலு குளம்பும் ஒத்திருக்கிறதா? கெட்டித் தரையில் ட்ராட் ஓடும்போது தலை ஆடுகிறதா? முட்டிக்குக் கீழே சூடோ வீக்கமோ உண்டா? வாயைத் திறந்து பற்களைப் பாருங்கள். ஐந்து வயதில்தான் நிலைப்பற்கள் எல்லாம் முளைத்து வாய் நிறையும். அதற்கு முன் பெரிய தூரம் கூடாது. முதுகெலும்பின் வளர்ச்சி முடியவே ஐந்தரை, ஆறு வயது ஆகும். உலகப் போட்டிகளில் 160 கிலோமீட்டருக்கு எட்டு வயது நிரம்பாத குதிரையைச் சேர்ப்பதில்லை. ரெண்டு வயதுக் குட்டியை வாங்கி, மூன்று வயதில் நாலுகால் பாய்ச்சலில் வீடியோ எடுக்கும் வழக்கம் இப்போது பரவிவருகிறது. அந்தக் குட்டிகள் ஏழு வயதில் நொண்டிகளாகச் சந்தைக்குத் திரும்பும். வேதனையான விஷயம் அது, தடுக்கக்கூடியதும்கூட.

வயதான குதிரை என்று ஒதுக்கவும் வேண்டாம். சுவிட்சர்லாந்தில் பிறந்து அர்ஜென்டினாவில் பள்ளி ஆசிரியராக இருந்த எய்மே சிஃபெலி 1925-இல் புவனோஸ் ஐரிஸிலிருந்து நியூயார்க் வரை கிளம்பினார். சுமார் 16,000 கிலோமீட்டர். கூட வந்தவை மான்சா, காத்தோ என்ற இரண்டு கிரியோயோ இனக் குதிரைகள். கிளம்பும்போதே இரண்டும் இளமையைத் தாண்டியவை. ஆண்டஸ் மலை, பாலைவனம், சதுப்புநிலம் எல்லாம் கடந்து 1928-இல் அவர் நியூயார்க் சேர்ந்தார். இரண்டு குதிரைகளும் ஊர் திரும்பி, 1940-கள் வரை வாழ்ந்தன. அந்தப் பயணம் நியூயார்க்கில் முடிந்த செப்டம்பர் 20-ஐத்தான் அர்ஜென்டினா தேசியக் குதிரை நாளாகக் கொண்டாடுகிறது. சிஃபெலி ஒருநாளும் அவசரப்படவில்லை. மூன்று ஆண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டார்.

பயிற்சியின் ரகசியமும் அதுதான். மெதுவாக, நெடுநேரம். குதிரையின் இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் தயாராகிவிடும். தசைகளுக்குச் சில மாதங்கள். தசைநாணுக்கும் தசைநாருக்கும் ஓராண்டு. எலும்பும் குளம்பும் முழுவதுமாகக் கெட்டிப்பட இரண்டு, மூன்று ஆண்டு. ஆபத்து எங்கே என்றால், மூச்சு வாங்காமல் ஓடும் குதிரையைப் பார்த்து, தயாராகிவிட்டது என்று ஆள் நம்பிவிடுகிறார். உள்ளே கால்கள் இன்னும் தயாராகவில்லை. வாரத்தில் மூன்று, நான்கு நாள் போதும். நடையும் மெல்லிய ட்ராட்டுமாகத் தொடங்கி, தூரத்தையோ வேகத்தையோ ஒன்றை மட்டும் கூட்டுங்கள், இரண்டையும் சேர்த்துக் கூட்ட வேண்டாம். மிச்ச நாட்களில் குதிரை கட்டுத்தறியில் நிற்காமல் அவிழ்த்துவிட்ட இடத்தில் மேயட்டும்.

இவ்வளவு கட்டுப்பாடு இருந்தால் சந்தோஷம் எங்கே என்று கேட்கலாம். விடியற்காலையில் வெள்ளிமலைப் பக்கம் பனி விலகும் முன் கிளம்பி, ஒரு மணி நேரம் கடந்ததும், குதிரையின் மூச்சும் குளம்போசையும் ஒரே தாளத்தில் சேரும். காதுகள் முன்னால் நிமிர்ந்திருக்கும். நீங்கள் கடிவாளத்தைத் தளர்த்திவிட்டு, திருப்பத்தில் பார்வையைத் திருப்பினாலே போதும், உங்கள் இடுப்பின் அசைவில் குதிரை திரும்பும். சவாரி முடிந்து சேணத்தை இறக்கி, முதுகை வைக்கோலால் தேய்த்து உருவிவிடும்போது அது கழுத்தைச் சாய்த்துக் கொடுக்கும். காசு கொடுத்து ஒரு சுற்று சவாரி போகிறவருக்கு இது கிடைக்காது. பல மாதம் தீனி வைத்து, குளம்பு சுத்தம் செய்து, நாடி எண்ணியவருக்குத்தான் கிடைக்கும். பராமரிப்பு வேறு, சந்தோஷம் வேறு என்று இதில் பிரிக்கவே முடியாது.

தமிழ்நாட்டுக்குக் குதிரை ஆசை பழையது. பராமரிப்பில்தான் குறை வைத்திருக்கிறோம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்கோ போலோ, மன்னர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் அரபு நாட்டுக் குதிரைகளை இறக்குமதி செய்கிறார்கள், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்று எழுதினார். பேணத் தெரிந்த ஆளும் லாடம் அடிக்கிறவரும் இல்லாததையும், சமைத்த சோற்றோடு இறைச்சியைத் தீனியாகப் போட்டதையும் காரணமாகச் சொன்னார். விற்ற வணிகர்களே லாடக்காரர்களை வரவிடாமல் பார்த்துக்கொண்டார்களாம். மிகைப்படுத்தியிருக்கலாம், ஆனாலும் சுடுகிறது. செஞ்சியில், 1714-இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி மாண்ட தேசிங்கு ராஜனின் கதையை நாட்டுப்புறத்தில் பாடும்போது அவன் குதிரை பாராசாரியையும் சேர்த்தே பாடினார்கள். அய்யனாருக்குப் புரவி எடுக்கும் ஊர்கள் நம்மைச் சுற்றி நிறைய. மண்குதிரைக்குக் காட்டும் மரியாதை ரத்தமும் சதையுமான குதிரைக்கும் கிடைக்க வேண்டும்.

இன்று நம்மிடம் சாக்குப்போக்கு இல்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து சேலம் சாலையில் சின்னசேலத்தைத் தாண்டினால், 2021-இல் திறக்கப்பட்ட தலைவாசல் கால்நடைப் பூங்கா. அங்கேயே கால்நடை மருத்துவக் கல்லூரி. குதிரைக்கென்றே ஹரியானாவின் ஹிசாரில் தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம் 1985 முதல் இயங்குகிறது. ஆணி குத்தினால் குதிரைக்கு எளிதில் வரும் டெட்டனஸுக்குத் தடுப்பூசி இருக்கிறது. மாட்டு ஈக்கள் பரப்பும் சர்ரா காய்ச்சலைக் காலத்தில் கண்டுபிடித்தால் மருந்து இருக்கிறது. மனிதருக்கும் தொற்றும் கிளாண்டர்ஸ் நோய்க்கு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. சந்தையில் வாங்கும் குதிரையை மலைக்குக் கொண்டுவரும் முன் அதைச் செய்துவிடுங்கள்.

நண்பர்களே, கல்வராயன் மலையில் ஒரு நெடுந்தூரச் சவாரி நடக்க வேண்டும். முதலில் 20 கிலோமீட்டர் போதும். மார்கழி அல்லது தை மாதத்தில், காலை வேளையில், கரியாலூரைச் சுற்றி. பாதையை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். நடுவில் ஒரு சோதனை முகாமும் முடிவில் ஒன்றும் வையுங்கள். கால்நடை மருத்துவர் வரச் சம்மதித்த பிறகே நாள் குறியுங்கள். அவர் நிறுத்து என்றால் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் இறங்கிவிட வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் வந்தவருக்குப் பரிசே வேண்டாம். நோட்டீஸ் அடிக்கும்போது, நல்ல உடல்நிலையில் முடித்த குதிரைக்கு மட்டுமே பரிசு என்று பெரிய எழுத்தில் போடுங்கள்.